கடைசிக் குவளை

கழுவிய ஃபிலிமைக் கொடியில் தொங்கவிட்டபோது அக்பெகோவின் கண்ணுக்கு ஒரு குறையும் படவில்லை. காய்ந்த பிறகுதான் வண்டவாளம் வெளியே வந்தது. ஆரஞ்சு நிறத்தில் தெளிந்திருக்க வேண்டிய நெகட்டிவ், திருநீறு பூசியது போல வெளுத்துக் கிடந்தது.

அந்தச் சுருளில் அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அவன் அக்கா கஃபுயி தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும் படம். வீடு இப்போது இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. வீடு இழந்தவர்களுக்குக் காயலுக்கு அந்தப் பக்கம் மனை கொடுக்கிறார்கள். சிமெண்ட் கல் வீடு வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான். நாணல் பாய்க் குடிசைக்காரர்களுக்குக் கிடையாது. கஃபுயி மீனைப் புகைபோட்டு விற்ற காசில் கல் கல்லாக வாங்கிக் கட்டிய வீடு அது. ஆனால் இறந்துபோன அவள் கணவனின் தம்பி டோக்பே, "அங்க இருந்தது பாய்க் குடிசை" என்று மனைக் குழுவிடம் சொல்லியிருந்தான். வலையும் படகும் அவனுடையவை. கரையில் பாதிப் பேர் அவனிடம் கூலிக்குப் போகிறவர்கள். எதிர்த்துச் சாட்சி சொல்ல யாருக்கு வாய் வரும்? படம்தான் பேச வேண்டும். விசாரணை மறுநாள். தலைநகர் அக்ராவுக்கு அனுப்பினால் எல்லாம் முடிந்த பிறகுதான் ஃபிலிம் திரும்பி வரும் என்றுதான் அவன் வீட்டிலேயே கழுவினான்.

அக்ராவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன் செலோமைப் போனில் கூப்பிட்டு, வெளுத்ததைச் சொன்னான்.

"ஃபிலிம் கழுவச் சொன்னா கருவாடு போட்டு வச்சிருக்கியாடா?" என்று சிரித்தான் செலோம். இவன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் குரல் மாறியது. "சரி, எந்தப் பக்கம் படிஞ்சிருக்கு? பளபளப்புப் பக்கமா, மங்கல் பக்கமா?"

"ரெண்டு பக்கமும்."

"லேசா ஊதிப் பாரு. மறையுதா?"

அக்பெகோ ஊதினான். மூச்சின் ஈரம் பட்ட இடத்தில் வெளுப்பு மறைந்து, மறுபடி மெல்லத் திரும்பியது.

"மறைஞ்சு திரும்ப வருது."

"அப்ப பயப்படாத. மருந்து சரியா வேலை செஞ்சிருக்கு. இது தண்ணியில வந்த உப்பு. கடைசி மருந்துல நனைச்சு அப்படியே தானே தொங்கவிட்ட?"

அக்பெகோ முற்றத்து மழைத்தண்ணீர்ப் பீப்பாயைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். ஃபிலிமையும் அவன் அதில்தான் அலசியிருந்தான். கிணற்று நீரில் எதைக் கழுவினாலும் கடைசியாக ஒரு குவளை மழைத்தண்ணீர் ஊற்றாமல் யாரும் விடமாட்டார்கள். குழந்தைக்கும் அப்படித்தான், சட்டிக்கும் அப்படித்தான், பிணத்துக்கும் அப்படித்தான். கடைசி மருந்திலிருந்து எடுத்த ஃபிலிமில் சோப்பு நுரை போல ஏதோ ஒட்டியிருந்தது. அதை அப்படியே விட அவனுக்கு மனம் வரவில்லை. பீப்பாயிலிருந்து ஒரு குவளை மொண்டு தலையிலிருந்து கால்வரை ஊற்றினான். கை தானாகச் செய்த வேலை.

"மழைத்தண்ணி ஊத்தினேன்."

"அட பாவி! அந்த நுரைதானே புள்ளி விழாம காக்குறது! சரி விடு. பேட்டரிக்கு ஊத்துற தண்ணி வாங்கு. ஆசிட் இல்ல, வெறும் தண்ணி. பார்த்து வாங்கு. அதுல ஊறப்போடு. தேய்க்காத, என்ன? ஈரத்துல அந்த மங்கல் பக்கம் பாலாடை மாதிரி, தொட்டா வந்துரும்."

லாரி ஸ்டாண்டுக்கு ஓடி வாங்கி வந்து ஊறப்போட்டான். கஃபுயி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"வருதா தம்பி?"

"வருதுக்கா, பாரு."

உண்மையாகவே வந்தது. வெளுப்பு கரைந்து ஆரஞ்சு துலங்கியது. சின்னஞ்சிறு நெகட்டிவில் அவள் முகம் தெரிந்தது.

"பேய் மாதிரி இருக்கேன்."

"நெகட்டிவ்ல எல்லாருமே பேய்தான். டோக்பே மட்டும் அசல்ல."

வீடு போன பிறகு அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

உப்பு போயிற்று. ஆனால் பொடிப் பொடியாகக் கருப்பு மிச்சமிருந்தது. இரண்டாம் முறை ஊறப்போட்டான். அசையவில்லை. மங்கல் பக்கத்தில் ஒரு ஓரத்தை விரலில் தொட்டுப் பார்த்தான். பிசுக்காக, மீன் வாடையுடன் ஒட்டியது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். வீடு இழந்த நாளிலிருந்து அக்காவின் புகை அடுப்புகள் எரிவது இவன் முற்றத்தில்தான். கூரைத் தகரம் முழுக்க எண்ணெய்க் கரி. அதில் வழிந்த மழைதான் பீப்பாயில்.

செலோமை மறுபடி கூப்பிட்டான்.

"பளபளப்புப் பக்கம்னா பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு எடுத்துரலாம்," என்றான் செலோம். "மங்கல் பக்கம்னா... ஈரத்துல உள்ள இறங்கிக் காய்ஞ்சிருக்கும்டா. எடுத்தா படமும் சேர்ந்து வரும்."

"வேற வழி?"

"இருந்தா சொல்லமாட்டேனா?"

கஃபுயிக்கு எல்லாம் கேட்டது. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். இனி அணைத்து என்ன? அக்பெகோ ஃபிலிமை எடுத்து மறுபடி கொடியில் தொங்கவிட்டான்.

மறுநாள் காலை கேட்டா நகரில் படத்தை அச்சுப் போட்டுக்கொண்டு இருவரும் விசாரணைக்குப் போனார்கள். குழுத் தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். கஃபுயியின் முகம் தெளிவாக இருந்தது; காதுத் தோடுகூடத் தெரிந்தது. பின்னால் இருந்த சுவரில்தான் கரிப்பொடி அதிகம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஓடிய பூச்சுக் கோடுகள் அதில் மறைந்து, சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெளுத்த கீற்றுகள்.

டோக்பே எட்டிப் பார்த்தான். "நான் சொன்னேன்ல? பாய் பின்னியிருக்கிறது கூடத் தெரியுதே. நல்ல வேலை பண்ணினடா அக்பெகோ."

"அது அழுக்குங்க," என்றான் அக்பெகோ. "படத்துமேல விழுந்த அழுக்கு. நான் ஊத்தின தண்ணியில வந்தது. அடியில கல்லுதான் இருக்கு."

"அடியில இருக்கிறத நான் எப்படிப்பா பார்க்கிறது?" என்றாள் தலைவி. குரலில் கோபம் இல்லை. "வேற படம் இருக்கா?"

"இல்லைங்க."

"அந்த வீட்ட இன்னொரு தடவை எடுக்க முடியுமா?" என்று கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

கஃபுயி மேசைமேல் கிடந்த படத்தை எடுத்துக்கொண்டாள். வரிசையில் பின்னால் நின்றவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.