டன்வெல் கப்பலின் இரண்டாம் நாள்

தாரிகாவுக்கு அது முதலில் இன்னொரு கேஸ் மாதிரித்தான் இருந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் காப்புறுதிக் கம்பனியில் அவளுக்கு வேலை. இரண்டு கப்பல்கள் மோதினால், எந்தப் பக்கம் பிழை என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு கப்பலும் தன் குறிப்பேட்டில் தன்னை நல்லபிள்ளையாகத்தான் எழுதி வைத்திருக்கும். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தையும் இடத்தையும் ஒத்துப்பார்த்தால், நடந்தது மெல்லப் பிடிபடும்.

கொட்டாஞ்சேனை புவாத் ஹாஜியார் அவளைத் தேடி வந்ததும் அதனால்தான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, மரக்கறி கொடுத்து வந்தவர், எண்பது தாண்டிவிட்டது. அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தகப்பன் 'டன்வெல்' என்ற சரக்குக் கப்பலில் கரி தள்ளும் வேலைக்குப் போனார். நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில், வங்காள விரிகுடாவில் அது சேர்ந்து போன கப்பல் கூட்டத்தை ஜப்பான்காரன் அடித்தான். தகப்பன் திரும்பி வரவில்லை.

"வாப்பாட நினைவு நாளுக்குக் கத்தம் ஓத ஒரு சரியான திகதி வேணும் மகள். ஆளுக்கொண்டு சொல்றாங்க. அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

லண்டனிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் பிரதிகளை எடுப்பித்து, வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். காவலுக்குப் போன போர்க்கப்பல், டன்வெல் வெடித்து அந்த இடத்திலேயே மூழ்கியது, ஒருவரும் தப்பவில்லை என்று எழுதியிருந்தது. கப்பல் கம்பனியும் குடும்பமும் இத்தனை காலம் நம்பியது அதைத்தான். ஜப்பான் கப்பலோ, டன்வெல் எரிந்தது, ஆட்கள் படகு இறக்கினார்கள் என்றது. நேரங்களும் ஒட்டவில்லை.

ஜப்பான் கடற்படை எந்தக் கடலில் நின்றாலும் டோக்கியோ நேரத்தையே எழுதும் என்று அறிந்து, அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாள். முடிச்சு அவிழ்ந்தது. வெடித்தது பின்னால் வந்த பெற்றோல் கப்பல். புகைக்குள் காவல் கப்பல் ஒன்றை மற்றதாக எண்ணிவிட்டது. தாரிகா தனியே சிரித்தாள். அப்படியானால் டன்வெல்லின் படகு எங்கே போனது?

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்தாள்.

மறுநாள் அந்த வழியால் சென்னைக்குப் போன வேறொரு கப்பல் சுருக்கமாக எழுதியிருந்தது: பாய் விரித்த படகு ஒன்று, முகப்பில் டன்வெல் என்ற பெயர், ஆட்கள் கை காட்டினார்கள், எதிரி கிட்ட நின்றதால் நிறுத்தவில்லை. அந்தப் படகு கரை சேர்ந்ததாக எங்கேயும் இல்லை.

சொல்லாமல் திகதியை மட்டும் கொடுப்போமா என்று யோசித்தாள். மனம் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போய், அவர் வீட்டு ஹோலில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் படகில உங்கட வாப்பா இருந்தவரோ எண்டு தெரியாது ஹாஜியார். இருந்திருக்கலாம். அவ்வளவுதான் சொல்லேலும்."

ஹாஜியார் மேசை விரிப்பின் மடிப்பை நீவினார்.

"வாப்பா போயிட்டார் எண்டு உம்மா நம்பவே இல்ல," என்றார். "அவர் எங்கயோ படகுல இரிக்கிறார், அந்த மனுசனுக்கு நீந்தத் தெரியும் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. ஊரெல்லாம் பைத்தியம் எண்டுச்சு. எனக்கு அப்ப இருவது வயசு. வாப்பாட பேருல இருந்த வீட்டு உறுதிப் பத்திரத்த என்ட பேருக்கு மாத்த வேண்டியிருந்துச்சு. கம்பனிக் கடதாசிய அவ முன்னால சத்தமா வாசிச்சன். ஒருத்தரும் தப்பல்ல, ஒருத்தரும் தப்பல்ல எண்டு ரெண்டு தரம். புதுக்கடை கோட்டுக்குக் கூட்டிப் போய், புருசன் அண்டைக்கே மௌத்து எண்டு சத்தியக் கடதாசில கைநாட்டு வெக்க வெச்சன். அதுக்குப் பொறகு உம்மா அவரப் பத்திக் கதைக்கவே இல்ல. எனக்கு அப்ப நிம்மதியா இருந்துச்சு."

"உங்களுக்கு அப்ப தெரியாதுதானே?"

"தெரியாது. ஆனா அவ சொன்னத ஒருக்காவாவது கேட்டிருக்கலாம்."

ஒரு மாதமாகக் கணக்குப் புதிர்போல் ரசித்து ரசித்து அவிழ்த்தது இதைத்தானா என்று தாரிகாவுக்கு உறுத்தியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர் போன் எடுத்து, உம்மாவை அடக்கிய மாளிகாவத்தை மையவாடிக்குப் போக வேண்டும், கூட வரமுடியுமா என்று கேட்டார். அவள் காரைக் கொண்டு போனாள். அவர் உள்ளே போக, அவள் கேற்றடியில் நின்றாள். நல்ல வெயில். வெளியே வந்தபோது அவர் முகம் கழுவியதுபோல் ஈரமாக இருந்தது.

"உம்மாட்ட சொல்லிட்டன், நீங்கதான் சரி எண்டு," என்றார். "காது கேக்கிற காலத்துல சொல்லியிருக்கணும்."

காரில் ஏறிய பிறகு கேட்டார். "அந்தப் படகு எந்தப் பக்கம் போச்செண்டு எழுதியிருக்கா மகள்?"

"மேற்க, ஹாஜியார்."

"கரை அந்தப் பக்கமா?"

"ஓம். ஆனா தூரம்."

அவர் தலையாட்டினார். கொட்டாஞ்சேனை வரும்வரை, மேற்க, மேற்க என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.