முப்பது அங்குலம்

...உடையவேண்டும், உடையாமல் எங்கே போகும், என்று நினைத்தபடியே அவள் கயிற்றை இழுத்தாள். பட்டறைச் சுவரில் அறைந்த கம்பத்தின் தலையில் வில் குறுக்காகக் கிடந்தது, நாணில் கட்டிய கயிறு கீழே கப்பியைச் சுற்றி அறையின் மறுகோடியில் அவள் கைக்கு வந்தது, உடைந்தால் துண்டு முகத்துக்கு எட்டாத தூரம், அந்தத் தூரத்தை அளந்து தரையில் கோடு போட்டவர் அவர்தான், அவளுடைய வீட்டுக்காரர், எல்லோருக்கும் கோடு போட்டுவிட்டுத் தான் மட்டும் வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு செத்துப்போனார். நாண் இருபத்தாறு அங்குலம் வந்தாயிற்று. நாற்பதாவது முறை. வில் முனகக்கூட இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளையைப் போல வளைந்தது, நிமிர்ந்தது. சனியனே, உடை.

ஒரே பலகையைப் பிளந்து அவளே செய்த இரண்டு வில்கள். ஒன்று கம்பத்தில், இன்னொன்று மேசைமேல் துணி சுற்றி, நான்கு மணிக்கு வரப்போகிற நெட்டையனுக்காக. வில்வித்தை சொல்லித்தரும் பயிற்சியாளன் அவன், அவருடைய சிநேகிதன், அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, நெட்டையா என்றுதான், நின்றால் கை முழங்காலைத் தொடும். “உன் கையில நாலு அங்குலம் நறுக்கிட்டு வாடா, அப்புறம் வில்லு தரேன்” என்பார். இருபத்தாறு அங்குலத்துக்குச் சீவிய வில்லை முப்பதுக்கு இழுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்துதான் இழுத்தான். அந்தச் சனிக்கிழமை அவர் பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தார், இவள் தேநீரோடு உள்ளே வந்தாள், அவன் அவருடைய புது வில்லைக் காதுவரை இழுத்துக்கொண்டு நின்றான், நாற்பது வயசு ஆள், திருடித் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம். “அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி, தோலை உரிச்சிடுவாரு.” இவளும் சிரித்தாள். சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து அவன்தான் படவேண்டும், வேறு யார் படுவது?

அடுத்த வார ஞாயிறு அவர் அதே வில்லை எடுத்தார், இருபத்தாறுக்குத்தான் இழுத்தார். மேல்பாதி தெறித்து நெற்றிப்பொட்டில். மூன்று நாள் மருத்துவமனை, அப்புறம் அவர் இல்லை. நடுவில் அந்த ஒரு வாரம் வில்லை யாரும் தொடவில்லை, இதை ஆறு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நெட்டையன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு “மரத்துல ஏதோ குறைங்க” என்றான். மரத்திலா? நான்கு வருஷம் நிழலில் உலர்த்தி, அவரும் அவனும் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பொறுக்கிய பலகை. நாக்கு எப்படி வளைந்தது அவனுக்கு, வில் கூட அப்படி வளையாது.

அதனால்தான் இந்த இரண்டும். அளவுக்கு மேல் இழுத்தால் வில்லின் வயிறு, எய்கிறவனைப் பார்த்திருக்கும் பக்கம், நசுங்கிக் குறுக்கே மயிரிழைச் சுருக்கங்கள் விழும், மேலே எண்ணெய் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. போன திங்கட்கிழமை இரண்டையும் கம்பத்தில் ஏற்றி முப்பதுக்கு இழுத்தாள், சுருக்கம் விழுந்தது, நகத்தால் தடவினால் இடறியது. அவன் செய்ததைத்தான் செய்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே போல ஒரு வாரமும் விட்டாள். கம்பத்தில் இருப்பது உடைந்தால் மேசைமேல் இருப்பது அவன் முகத்துக்கு நேராக உடையும். அப்போதும் சொல்லட்டும், மரத்தில் குறை என்று, சொல்ல வாய் மிச்சம் இருந்தால்.

ஆனால் உடையவில்லையே. முப்பதுக்கு மறுபடி இழுத்தாள். முப்பத்தொன்று. கயிறு உள்ளங்கையை அறுத்தது, வில் அப்படியே வளைந்து கொடுத்தது. கோட்டைத் தாண்டிக் கிட்டே போய்ப் பார்த்தாள், சுருக்கங்கள் அப்படியே இருந்தன, வில் மட்டும் கொஞ்சம் சோர்ந்திருந்தது, நிமிரும்போது பழைய துடிப்பு இல்லை. சுருக்கம் விழுந்த வில் சோம்பும் என்பார் அவர்... சோம்பும் என்றுதானே சொன்னார், வெடிக்கும் என்றா சொன்னார்? வெடிப்பது எது அப்புறம்? அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது, உடைந்த வில் எதையும் எறியமாட்டார், முறிந்த வாயை அரைமணி நேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காரணத்தைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதிச் சுவரில் மாட்டுவார். மரத்தில் கணு. அவசரம். மரத்தின் ஆண்டு வளையம் வெட்டுப்பட்டது. அவரைக் கொன்ற வில்லின் முறிவை அவள் பார்க்கவே இல்லை, பார்க்க என்ன இருக்கிறது, நெட்டையன் என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டாள். சுவரில் கடைசி ஆணியில் ஒரு துண்டு, முறிவு நார் நாராக இல்லாமல் ரொட்டியைக் கிள்ளின மாதிரி மொட்டையாக. அதன்மேல் அவர் கையெழுத்து: அதிகம் காய்ந்தது.

அந்தச் சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் மழை பெய்த வாரம் அது. பூசிய எண்ணெய் உலரவே இல்லை, விரல் வைத்தால் ஒட்டியது, ஞாயிற்றுக்கிழமைக்கு வில் வேண்டும் வேண்டும் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். யாரும் தொடவில்லை. யாரும் என்றால்... சமையலறையில் குளிருக்குப் போடும் ஹீட்டருக்கு மேலே ஈரத்துணி போடும் கம்பி, அதில் துணிகளை ஒதுக்கிவிட்டு வில்லை யார் மாட்டியது? எத்தனை நாள், ஐந்தா, ஆறா? ஞாயிறு காலை அவர் வில்லைத் தடவிப் பார்த்து, “அட, காஞ்சிடுச்சே, கெட்டிக்காரி நீ” என்றார். எத்தனை மகிழ்ச்சி அந்தக் குரலில். இல்லை, முப்பதுக்கு இழுத்தவன் அவன்தானே, அதுவும் இருக்கிறதே, அது இல்லாமல் இது மட்டும் போதுமா, இது இல்லாமல் அது...

“அண்ணி, ரெடியா? நாலுன்னா நாலுதான் பாருங்க, அண்ணன் இருந்தா நம்பியிருக்கவே மாட்டாரு.” நெட்டையன் குனிந்து வாசல்படி தாண்டி உள்ளே வந்துவிட்டான், துணியை விலக்கி வில்லை எடுத்துவிட்டான், நாணில் மூன்று விரல், முகத்துக்கு நேராகத் தூக்குகிறான், இதற்காகத்தான் ஆறு மாதம்.

“இழுக்காதீங்க.”

“ஏன், எண்ணெய் காயலையா?”

அவள் அவனைப் பார்த்தாள். தெரிந்து கேட்கிறானா? இவனுக்கு எப்படித் தெரியும்?

“இன்னும் முடியல.”

“என்ன பாக்கி?”

“தெரியல.” ஆறு மாதத்தில் அந்த வார்த்தை இப்போதுதான் அவள் வாயில் வருகிறது. அவன் நாணிலிருந்து விரலை எடுத்தான், வில்லை வாங்கிக்கொள்வாள் என்று நீட்டியபடி நின்றான், அதை வாங்கினால் அவன்மேல் போட்ட பழியையும் திரும்ப வாங்கவேண்டும், அதற்கு அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.