இரண்டு நோட்டு

கணக்கு டீச்சருக்குப் பழைய பதிவேடுகளோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வரலாற்று ஆசிரியர் படி இறங்கினால் முட்டி வலிக்கிறது என்றார். அந்தப் பதிவேடுகள் இருக்கும் பள்ளி நிலவறையின் சாவி என் தலையில் விழுந்தது. ஒன்பது வருடமாக என் மதிய ரொட்டியை அங்கேதான் தின்கிறேன். எங்கள் ஜெர்மன் ஊரின் இந்தப் பள்ளியில் அந்தக் காலத்தில் படித்த யூதப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் அறுபத்து மூன்று. எங்கள் வகுப்பேடுகளைத் தவிர வேறெங்கும் பெயர் மிஞ்சாத குழந்தைகளும் அதில் உண்டு. அதனால் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது என்று எல்லோர் மேலும் எரிந்து விழுவேன்.

அப்படிப்பட்ட நான், ஹைஃபாவிலிருந்து தலியா என்பவள் தன் அம்மாவைப் பற்றி எழுதிக் கேட்டதற்கு அனுப்பிய பதில் இது: "உங்கள் தாயார் ஜென்னி லோவென்தால் 1932, 33இல் இங்கு படித்தார். எழுதுவதில் சோம்பல் உள்ளவர். 'எழுதவில்லை' என்று வகுப்பேட்டில் பலமுறை குறிக்கப்பட்டிருக்கிறது." நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

ஒரு வியாழக்கிழமை அவள் நேரிலேயே வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டியவள். அம்மாவிடம் கற்ற ஜெர்மன். எழுபத்தைந்து வருடத்துக்கு முந்தைய எங்கள் ஊர்ப் பேச்சு அவள் வாயில் அப்படியே இருந்தது.

"எங்கம்மா சோம்பேறியா, டீச்சர்? எண்பத்தாறு வயசுலயும் துடைப்பத்த என் கையில குடுக்க மாட்டேங்கறா."

"நான் சொல்லலம்மா. ஏடு சொல்லுது."

"சரி, விடுங்க. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். உங்க பள்ளி விழாவுக்குக் கூப்பிட்டீங்களே, அம்மா வர மாட்டேன்னுட்டா. 'நாங்க ஊரை விட்டுக் கிளம்பறப்ப ஒருத்தி எட்டிப் பாக்கல. அங்க என்னை யாரு தேடினா?'ங்கறா. எங்கம்மாவ இங்க யாராவது தேடினாங்களா? ஒரே ஒருத்தராவது?"

"அதெல்லாம் ஏட்டுல எழுத மாட்டாங்க" என்றேன். கடுப்பாகத்தான் சொன்னேன். யார் மேலாவது பரிதாபம் வந்தால் என் குரல் அப்படி ஆகிவிடும்.

ஏட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். ஜென்னியின் பெயருக்கு நேரே இருந்த குறிப்புகளின் மேல் விரலை ஓட்டினாள். மே 6, எழுதவில்லை. மே 13, எழுதவில்லை. மே 20. சட்டென்று சிரித்துவிட்டாள்.

"நீங்க கணக்கு டீச்சர்தானே?"

"முப்பது வருஷமா."

"ஆறு, பதிமூணு, இருபது. ஏழு ஏழா போகுதே! எல்லாம் சனிக்கிழமை. எங்களுக்கு ஓய்வு நாள். ஸ்கூலுக்கு வந்து உக்காரலாம், பேனாவத் தொடக் கூடாது."

நானும் சனிக்கிழமை பள்ளிக்குப் போய் வளர்ந்தவள்தான். எனக்கு அது இன்னொரு வேலை நாள். பக்கத்தில் இருப்பவளுக்கு அது வேறு நாளாக இருக்கலாம் என்று ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"அப்ப இது?" என்று கீழ் வரியைக் காட்டினேன். ட்ரூடா ஹின்ரிக்ஸ், ஜென்னியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அதே சனிக்கிழமைகளில் அவள் பெயருக்கு நேரே 'இரண்டு நோட்டு' என்று இருந்தது. ஏதோ சேட்டைக்குத் தண்டனையாக இரண்டு தடவை எழுத வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"தண்டனை இல்ல, டீச்சர்" என்றாள் தலியா மெதுவாக. "எங்கம்மா நோட்டையும் சேத்து எழுதியிருக்கா."

பக்கத்தைத் திருப்பினேன். செப்டம்பர் 5, செவ்வாய்: ஜென்னியின் பெயர் மேல் ஒரு கோடு. 'வெளிநாடு சென்றாள்.' அந்த வாரச் சனிக்கிழமை, ட்ரூடா, இரண்டு நோட்டு. அடுத்த சனி, இரண்டு நோட்டு. இலையுதிர் விடுமுறை முடிந்தும் இரண்டு நோட்டு. வகுப்பாசிரியர் ஏன் என்று கேட்காமல் குறித்துக்கொண்டே போயிருக்கிறார். நாங்கள் இருவரும் விரல் விட்டு எண்ணினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தலியா அங்கேயே அம்மாவை அழைத்து, எனக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசைமேல் வைத்தாள்.

"அம்மா, ட்ரூடா ஹின்ரிக்ஸ்னு ஞாபகம் இருக்கா?"

"எதிர்வீட்டுக்காரி" என்றது குரல், உடனே. "அன்னிக்கு ஜன்னல் திரையக்கூட விலக்கல."

"நீ போனப்புறமும் சனிக்கிழமையானா உனக்கும் சேத்து எழுதியிருக்காம்மா. ரெண்டு நோட்டு. ஏட்டுல இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எத்தனை வாரம்?"

"ஏழு."

"அவளுக்கு எழுதறதே பிடிக்காதுடி" என்றாள் ஜென்னி. "கை நோகுதுன்னு அழுவா."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம், "அந்த விழா என்னிக்குன்னு டீச்சர கேளு."

சுவரில் ஒட்டியிருந்த அழைப்பிதழைப் பார்த்தேன். சனிக்கிழமை.

"ஞாயித்துக்கிழமைன்னு சொல்லுங்க" என்றேன். "ஹெட்மாஸ்டர நான் பாத்துக்கறேன்."