ஜலால் சொன்ன வாடை

கடல் என்பது மளிகைக்கடை மாதிரி, எந்த மாதம் போனாலும் எல்லாம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் காளை மதுரைக் காளவாசலில் மீன்கடை போட்டான். பழங்காநத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கண்மாய் தெரியும், கடல் தெரியுமா? சித்திரையில் சீலா மீன் வந்தது. ஆனியில் பாறை மீன் வந்தது. ஆவணி பிறந்ததும் பெட்டியில் ஐஸ் மட்டும் வந்தது.

"மீனு எங்க போச்சுன்னு நானே போயி பாத்துர்றேண்ணே" என்று பாம்பனுக்கு பஸ் ஏறிய கூட்டாளி ஜலால் அங்கேயே தங்கிவிட்டான். புரட்டாசியில் பாதி மதுரை மீனைத் தொடாது. மீனும் மதுரையைத் தொடவில்லை.

காளையின் மனைவி ஜெயக்கொடிக்குப் பொறுமை போய்விட்டது. அவளுடைய அண்ணன் கருத்தக்கண்ணனுக்குக் கீழக்குயில்குடியில் தென்னந்தோப்பு இருந்தது. "ஐப்பசிக்குள்ள கடை தேறலைனா பேசாம தோப்புக்குத் தண்ணி பாய்ச்ச வந்துரு மாப்ள" என்று அவன் சொல்ல, அவளும் தலையாட்டிவிட்டாள். மச்சான் தோப்பில் மண்வெட்டி பிடிப்பதை நினைத்தாலே காளைக்குச் சோறு இறங்கவில்லை. கருத்தக்கண்ணன் கெட்டவன் இல்லைதான். ஆனால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தாலும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் தூங்குவான்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பக்கத்து லேத்துப் பட்டறைக்கு டிரங்க் கால் வந்தது. ஜலால்தான்.

"அண்ணே, வாடை அடிக்குதுண்ணே! செம வாடை!"

காளை பதறினான். "எம்புட்டு மீனுடா?"

"அம்புட்டும் சாளை! லாரி நிறைய ஏத்திட்டேன். காலையில வந்துரும்."

"அடப்பாவி, வாடை அடிக்கிறத எனக்கு எதுக்குடா அனுப்புற?"

"பின்ன வாடை அடிக்கையில அனுப்பாம எப்ப அனுப்பச் சொல்றீக?"

லைன் அறுந்தது.

பாம்பனில் இருந்து இருந்து ஜலாலுக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று திரும்பி வடக்கேயிருந்து வீசினால் அங்கே வாடை என்பார்கள். திரும்பியதும் சாளை மீன் கூட்டம் கூட்டமாகத் தென்கடலில் வந்து ஒதுங்கும். மார்கழிக் குளிரில் வீசுவதைக் காளையும் வாடைக்காற்று என்பவன்தான். ஆனால் மீன்காரன் வாயிலிருந்து வாடை என்று வந்தால் மதுரைக்காரன் மூக்கைத்தான் பிடிப்பான். காளையும் பிடித்தான்.

லாரி நாற்றம் காளவாசலில் இறங்கினால் கடையோடு மானமும் போய்விடும். சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே தோப்புக்குப் போனான்.

"மச்சான், ஒரு லாரி நாறுன மீனு வருது. தென்னைக்கு உரமாப் போட்டுக்கங்க. நானும் நாளைக்கே தண்ணி பாய்ச்ச வாரேன்."

சொல்லிவிட்டுக் கடைச்சாவியை மடியில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டான். அந்தக் கடை மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை.

கருத்தக்கண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உர விலை தந்துர்றேன். நாறுன மீனு பூராவும் எனக்கு. பேச்சு மாறக்கூடாது மாப்ள!" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு, தென்னை மூட்டில் குழி வெட்ட அப்போதே ஆள் விட்டான்.

விடிந்ததும் லாரி காளவாசலில் வந்து நின்றது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மாட்டுவண்டியோடு கருத்தக்கண்ணன் முன்பே ஆஜர். கடைச்சாமானை எடுத்துப்போக ஜெயக்கொடியும் வந்திருந்தாள். தார்ப்பாயை விலக்கினார்கள். ஐஸுக்குள் சாளை, செவுள் சிவக்கச் சிவக்க, புத்தம் புதிதாகப் பளபளத்தது. காளை ஒன்றை மோந்தான். இன்னொன்றை மோந்தான்.

"என்னண்ணே மோந்துக்கிட்டே இருக்கீக?" என்றான் டிரைவர். "வாடைக்காத்து விழுந்ததும் புடிச்ச சரக்குண்ணே, தங்கம்!"

காளைக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன பிரயோசனம்? கருத்தக்கண்ணன் மூக்குத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான்.

"பேச்சுன்னா பேச்சு மாப்ள. லாரி எனக்கு. நீ தராசப் புடி, நான் கல்லாவுல உக்காருறேன்."

கொடுத்த வாக்கை மாற்றத் தெரியாத ஜென்மம் காளை. தராசை எடுக்கக் குனிந்தான். இத்தனை மாதமும் அந்தக் கடையைக் கரித்துக்கொட்டியவள் ஜெயக்கொடிதான். இருந்தாலும், புருஷன் தன் மீனுக்கே கூலியாளாகக் குனிந்ததை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இந்தாண்ணே, நீ பேசுனது நாறுன மீனு. இது நாறலையே?"

"அதுக்கு?"

"நாறுற வரைக்கும் இது எங்க மீனு. நாறுன பிறகு உன் மீனு. அந்தா, அந்த வேப்பமரத்தடியில வண்டிய அவுத்துவிட்டு உக்காரு. நாறுனதும் கூப்புடுறேன்."

கூடியிருந்த சனம் கொல்லென்று சிரித்தது. பேச்சு மாறக்கூடாது என்றவனே மாற முடியுமா? கருத்தக்கண்ணன் போய் உட்கார்ந்தான். புரட்டாசி முழுக்க வாயைக் கட்டிய மதுரை, தூக்குச்சட்டியும் பையுமாகக் காளவாசலில் திரண்டது. காளைக்குத் தராசை இறக்கிவைக்க நேரமில்லை. ஜெயக்கொடி கல்லாவை விட்டு அசையவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரே ஒரு கூறு மிஞ்சியது. கருத்தக்கண்ணன் எழுந்து வந்து அதை எடுத்து மோந்து பார்த்தான். நாறவில்லை. உர விலைக்குக் கேட்டுப் பார்த்தான். ஜெயக்கொடி மீன் விலையே வாங்கினாள்.