வேலியில் ஒரு முடிச்சு

மாபிலுக்கு விடியலில் எடுத்த வலி. பொழுது சாயத் தொடங்கியும் பிள்ளை வந்தபாடில்லை. ஆண்பிள்ளை அந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பதால் அவள் புருஷன் ஜெர்வாஸ் வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான். உள்ளே பெண்கள் புனித மார்கரெட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னை விழுங்கிய பறவைநாகத்தின் வயிற்றைப் பிளந்து முழுசாக வெளியே வந்தவள் அவள். பிள்ளைப்பேற்றுக்கு அவளை விட்டால் யார்?

மருத்துவச்சி ஹாவிஸ் தலையை நீட்டினாள். "ஏண்டா, எல்லாத்தையும் அவுத்துட்டியா? எங்கயோ ஒரு முடிச்சு கெடக்கு. அதான் புள்ள வழி தெரியாம நிக்குது."

"பெட்டி, கதவு, மாட்டுக் கயிறு, செருப்பு வாரு வரைக்கும் அவுத்தாச்சு அத்தே! சாமியாரு கோயில் கதவக்கூடத் தெறந்து வெச்சிட்டாரு."

"உன் வேலி?"

ஜெர்வாஸின் முகம் செத்துப்போனது. போன வருஷம் பக்கத்து வீட்டுத் தர்ஸ்டனின் பன்றிகள் இவனுடைய அவரைக்காய்த் தோட்டத்தை மேய்ந்துவிட்டன. அன்றைக்கு வேலிப் படலை முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டி, உயிருள்ளவரை அவிழ்ப்பதில்லை என்று சபதம் போட்டவன் அவன். அதோடு பேச்சும் நின்றது. இந்த வருஷ அவரை காய்த்துக் குலுங்கி நிற்கிறது. குளிர்காலச் சோறே அதுதான்.

உள்ளே மாபில் அலறினாள். ஜெர்வாஸ் ஓடினான்.

மழையில் ஊறிய கயிறு இரும்பாய் இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தான்.

"என்ன, கயிறத் திங்கிற? அவ்ளோ பஞ்சமா?" அந்தப் பக்கம் தர்ஸ்டன்.

"மாபிலுக்குப் பிரசவம்யா. அவிழ மாட்டேங்குது."

தர்ஸ்டன் கத்தியை எடுத்தான்.

"வெட்டக்கூடாது! அவுத்தாத்தான் பலிக்கும்."

கத்தியை வீசிவிட்டு அவனும் மண்டி போட்டான். "மனுசன் போட்ட முடிச்சாடா இது? பேய் போட்ட மாதிரில்ல இருக்கு!" இரண்டு தலையும் முட்டி மோதி ஒருவழியாகக் கயிறு விழுந்தது. அத்தோடு விட்டானா தர்ஸ்டன்? "எங்க பக்கமும் எதுவும் கட்டியிருக்க வேணாம்" என்று பன்றிப் பட்டியைத் திறந்தான், இடுப்புக் கச்சையையும் அவிழ்த்தான். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்க, பன்றிகள் நேராக அவரைத் தோட்டத்துக்குள் பாய்ந்தன.

ஜெர்வாஸ் விரட்டக் கை ஓங்கினான். அப்போது வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது.

கை அந்தரத்தில் நின்றது. ஹாவிஸ் வாசலுக்கு வந்தாள். "பொண்ணுடா!"

"மாபில்?" என்றான் ஜெர்வாஸ்.

ஹாவிஸ் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து பதில் வந்தது. "எவன்டா பன்னிய உள்ள விட்டது? இடுப்பொடிய நட்டவ நானு! வரட்டும் அந்த மனுசன்!"

ஜெர்வாஸ் சேற்றிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். "திட்டு தாயி" என்றான். "இன்னும் நல்லாத் திட்டு."