வெனீஷியா ஹார்லாண்டின் முதுகு

"கழுத்துல பவுடர் போடமாட்டேன். மீன் வெட்டுறவ கழுத்துல எவ பவுடரைப் பாத்தா?" என்றாள் ஐவி.

வெனீஷியா ஹார்லாண்ட் கண்ணாடியில் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். யுத்த காலத்தில் லண்டனே குண்டுக்குப் பயந்து பாதாள ரயிலடியில் படுத்துக் கிடந்தபோதும், இந்தக் கழுத்தைத் திரையில் பார்க்க மழையில் வரிசை கட்டி நின்றார்கள். சீமாட்டியாகவும், கொள்ளைக்காரனைக் காதலித்துக் கெட்டுப்போனவளாகவும், மறுபடி சீமாட்டியாகவும் நடித்துத் தள்ளினாள். அப்போதிருந்தே அவளுக்குத் தலை சீவிவிடுகிறவள் ஐவி. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஸ்டுடியோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஏஜெண்டு தொலைபேசியை எடுப்பதில்லை. ஐவி மட்டும் மிச்சம், அதுவும் கோபித்துக்கொண்டே.

போன வாரம் இயக்குநர் டெரிக் மாலமின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, திங்கட்கிழமை கேமரா டெஸ்ட் இருக்கிறது, வர முடியுமா என்று கேட்டாள். கதை வட இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் நடக்கிறது, கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியைப் பற்றியது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வெனீஷியாவுக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. அவள் பிறந்ததே ஹல்லில், மீன் துறைக்குப் பின்னால் இருந்த தெருவில். அப்போது அவள் பெயர் எட்னா ஸ்கெல்டன். பதினேழு வயதில் ஸ்டுடியோ அவளைப் பிடித்துக்கொண்டுவந்து பெயரை மாற்றியது, பல்லை மாற்றியது, பற்களுக்கு நடுவே தக்கையைக் கடிக்கவைத்து ஊர்ப் பேச்சை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுத்தது. இந்த ஒரு வாரமாக அதைத்தான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் நாக்கு புரளவில்லை. பிறகு அம்மாவின் குரலே தொண்டையில் வந்து உட்கார்ந்தது. இந்த வேடம் கிடைக்காவிட்டால் இனி எதுவும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். கிடைத்துவிடும் என்றும் தெரியும் என்று நினைத்தாள். அங்கேதான் தப்பு.

படப்பிடிப்புத் தளத்தில் தரையில் இரண்டு சாக்பீஸ் குறிகள் போட்டிருந்தார்கள். ஒன்று கேமராவைப் பார்த்து, இன்னொன்று கேமராவுக்கு முதுகைக் காட்டி. வெனீஷியா பழக்க தோஷத்தில் நேராகப் போய் முதல் குறியில் நின்றாள். தாடையை உயர்த்தி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கன்னத்தாலேயே கண்டுபிடித்தாள். உதவி இயக்குநர் ஒருவர் வந்து முழங்கையைத் தொட்டார்.

"மேடம், உங்களோடது அந்தப் பக்கம்."

அவள் நின்ற இடத்துக்கு நாடகப் பள்ளியிலிருந்து வந்த கில்லியன் ஆஷ் என்ற பெண் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

புதுமுகத்துக்கு டெஸ்ட் எடுக்கும்போது பழைய நடிகர் ஒருவர் கேமராவுக்கு முதுகு காட்டி நின்று எதிர்வசனம் எடுத்துக்கொடுப்பது வழக்கம்தான். வேலையில்லாதவர்கள் செய்கிற வேலை. வெனீஷியா உச்சத்தில் இருந்தபோது அவளுக்கு எதிரே எத்தனையோ பேர் அப்படி நின்றிருக்கிறார்கள். ஒருவர் முகமும் நினைவில்லை. கூப்பிட்டவர்கள் பொய் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மேலே விளக்குப் பரணில் நின்ற பழைய மின்பணியாளர் ஒருவர் இவளை அடையாளம் கண்டு, சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பியதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. "அட, எனக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன!" என்று வாய்விட்டுச் சிரித்து, மறுகுறியில் போய் நின்றாள். ஒத்திகையில், ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த ஊர்ப் பேச்சை எடுத்துவிட்டாள்.

"படகு வரலட்டி. இனி எங்க வரப் போவுது?"

மாலம் கையைத் தூக்கினான். முப்பது வயதுகூட இருக்காது. தொளதொளவென்று ஒரு கம்பளிச் சட்டை. "மேடம், அந்த வட்டாரப் பேச்சு வேண்டாமே. கொஞ்சம் செயற்கையா இருக்கு. நீங்க உங்க சொந்தப் பேச்சுலயே பேசுங்க. கில்லியன் பாருங்க, ஹல்லுக்கே போய் ரயிலடி ஓட்டல்ல தங்கி அப்படியே பிடிச்சுட்டு வந்திருக்காங்க."

சொந்தப் பேச்சு! கேமராவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சிரிப்பாகவும் இருக்கலாம். வெனீஷியா தொண்டையைச் செருமிக்கொண்டு, தக்கையைக் கடித்துக் கற்ற பேச்சில் வசனத்தைச் சொன்னாள். முதல் டேக் முடிந்தது. கில்லியனின் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது. மாலம் உதட்டைக் கடித்தான். வெனீஷியாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். அது போதவில்லை. இந்தப் பெண்ணை இதே இடத்தில் உடைத்துப் போட்டுவிட வேண்டும், இனி எந்தக் கேமராவுக்கு முன்னாலும் நிற்கக் கூடாது என்று நினைத்தாள். அதற்கு வேண்டியது அவளிடம் இருந்தது.

அவள் பிறந்த தெருவில், படகு கிளம்புகிற நாளில் பெண்கள் துணி துவைக்க மாட்டார்கள். துறைக்குப் போக மாட்டார்கள். முக்கியமாக, கையசைத்து வழியனுப்ப மாட்டார்கள். அசைத்தால் போனவன் போனவன்தான். எட்னாவுக்கு ஏழு வயதிருக்கும்போது, அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவின் பின்னால் ஓடிப்போய், கயிறு கட்டும் இரும்புத் தூண்மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் ஆட்டினாள். அப்பாவும் சிரித்துவிட்டார். படகு ஐஸ்லாந்துப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. சேதி வந்த அன்று அம்மா சொன்னதை எட்னா ஒரு எழுத்துவிடாமல் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேயில்லை. மகள் பெரிய நடிகையாகி, ஹல்லில் படம் திரையிட்டபோதும் வரவில்லை.

இரண்டாவது டேக். கேமரா ஓடியது. வெனீஷியா வசனக் காகிதத்தைக் கீழே போட்டாள்.

"அவன் போற அன்னைக்கு நீ கைய ஆட்டுனேல்லா?"

கில்லியன் விழித்தாள். வசனத்தில் அது இல்லை.

"நான் பாத்துட்டுதாம்ட்டி இருந்தேன். ஆட்டுனே. சிரிச்சிக்கிட்டே ஆட்டுனே. கடல் கொண்டுட்டுப் போவல, நீதான் அனுப்பி வச்சே. அழாத. அழுறதுக்கு ஒனக்கு என்ன பாத்தியதை இருக்கு? என் வீட்ல சோறு இருக்கு, தின்னு. ஆனா என்னைய அம்மான்னு கூப்பிட்டே, நாக்க அறுத்துருவேன்."

பெண்ணின் முகம் மெதுவாகக் கலைந்தது. முதலில் வாய், பிறகு மோவாய். ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. மாலம் நெடுநேரம் கழித்துத்தான் "கட்" சொன்னான். சொல்லிவிட்டு ஓடிப்போய் கில்லியனைக் கட்டிக்கொண்டான்.

"கிடைச்சிருச்சு! இந்த முகம்தான்! இனி வேற யாரையும் பாக்கப் போறதில்ல."

பிறகுதான் வெனீஷியாவின் பக்கம் திரும்பினான். "ரொம்ப நன்றி மேடம். மறுபடி அந்த வட்டாரப் பேச்சுக்குப் போயிட்டீங்க, பரவால்ல. உங்க சத்தத்தை வெட்டி எடுத்துருவோம். ஆமா, அது என்ன கையாட்டுற கதை?"

"சும்மா, வாயில வந்துச்சு."

"வசனம் எழுதினவருக்கே புரியாது. ஆனா வேலை செஞ்சுது, பாருங்க."

ஒப்பனை அறையில் ஐவி பஞ்சால் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கில்லியன் இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க நிஜமாவே என்னை வெறுக்கறீங்கன்னு நினைச்சுட்டேன் மேடம்."

"நடிப்புதானம்மா."

"முதல் காட்சியை ஹல்லுலயே எடுக்கறாங்களாம். நிஜத் துறை, நிஜப் படகு. கூட்டத்துல நிக்கறதுகூட அந்த ஊர்ப் பொம்பளைங்கதானாம். எனக்கு நினைச்சாலே பயமா இருக்கு." கோப்பையை வெனீஷியாவின் கையில் வைத்தாள். "நீங்க சொன்னீங்களே, கையாட்டறதுன்னு. அது என்ன? படகு கிளம்பறப்ப நான் என்ன செய்யணும்? தெரிஞ்சா சொல்லுங்களேன். உங்களைத் தவிர யார்கிட்டயும் கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

ஐவியின் கை நின்றது. எப்போதோ ஒருநாள் ஜின் குடித்துவிட்டு அழுதபோது வெனீஷியா அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கண்ணாடி வழியாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது. பெண் நல்ல பெண், அதுதான் எரிச்சலாக இருந்தது.

"ஆட்டணும்மா," என்றாள் வெனீஷியா. "அந்த ஊர்ல அதுதான் எல்லாம். துறை விளிம்புல, எல்லாரும் பாக்கற மாதிரி நிக்கணும். எவ நல்லா ஆட்டறாளோ அவதான் நல்ல பொண்டாட்டி. நான் திட்டினது, துக்கத்துல ஒருத்தி உளறுறது, அவ்வளவுதான்."

"இப்படியா?" கில்லியன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"அது ராணியம்மா ஆட்டறது. ரெண்டு கையும். இன்னும் மேல. சிரிச்சுக்கிட்டே."

கில்லியன் குனிந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஓடினாள். ஐவி பஞ்சைக் குப்பையில் எறிந்தாள்.

"அந்த ஊர்ப் பொம்பளைங்க அவளைக் கல்லால அடிப்பாங்க."

"அடிக்கட்டுமே."

"உங்கம்மாவேதான் நீங்க," என்றாள் ஐவி. பிறகு மேலங்கியை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டாள்.

வாடகைக் கார் ஸ்டுடியோ வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கில்லியன் முற்றத்தைக் கடந்து ஓடிவந்து, வாசலோரத்துக் குட்டைச் சுவர்மேல் ஏறி நின்றாள். சொல்லிக்கொடுத்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். வாய் நிறையச் சிரிப்பு.

"திரும்பிப் பாக்காதீங்க," என்றாள் ஐவி.

வெனீஷியா இருக்கையில் முழங்காலிட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. கார் திருப்பத்தை நோக்கிப் போகப் போக அந்தப் பெண் சிறுத்துக்கொண்டே வந்தாள், ஏழு வயதுப் பிள்ளை அளவுக்கு. கைகள் மட்டும் நிற்காமல் ஆடின. வெனீஷியா தன் வலது கையை இடது கையால் இறுகப் பிடித்து, அது மேலெழாதபடி மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாள்.