ஏழு சாண் குதிரை

குதிரையின் முதுகில் மனிதன் ஏறுவதற்கு முன், மனிதனின் கண் அதன் உடம்பெல்லாம் ஏறி இறங்க வேண்டும். பஹ்ரைனில் ஒரு செல்வரின் லாயத்தில் பதினோரு ஆண்டுகள் லத்தி அள்ளியும் உடம்பு தேய்த்தும் ஜோசப்ராஜ் கற்றுக்கொண்டு வந்த கல்வி அவ்வளவுதான். ஆகையால், ஜெரால்டின் தென்னந்தோப்பில் லாரியிலிருந்து அந்தக் குதிரை இறங்கியபோது, ஊர் அதன் உயரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் அதன் தோளைப் பார்த்தார்.

ஈரச் செம்மண் நிறம். கணைக்கால்களில் கவரி கட்டியதுபோல் தொங்கும் மயிர். வெல்ஷ் காப் என்பது அதன் இனம். வழக்கமாக ஆறரைச் சாணில் நின்றுவிடுகிற இனம். இது ஏழு சாணைத் தாண்டி நின்றது. இரண்டு தோள்களிலும், கழுத்து மார்போடு வந்து சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மயிர் முளைத்திருந்தது.

"பாத்தியளா? ரெண்டு பக்கமும் சங்கு," என்றான் நல்லக்கண்ணு. அவன் மாட்டுத் தரகன். சுழி பார்ப்பதில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவன் சொல்லே தீர்ப்பு. பெங்களூர் வரை போய் இந்தக் குதிரையைப் பேசி முடித்தவனும் அவனே. "கழுத்துல தேவமணிச் சுழி, தோள்ல ஜோடிச் சங்கு. இது ராசா ஏறுற குதிரை. வேற எவன் ஏறினாலும் அதுக்கே மரியாதைக் கொறச்சல்."

ஜோசப்ராஜ் அந்தச் சங்கைத் தடவிப் பார்த்தார். மயிருக்கு அடியில் தோல் தடித்திருந்தது. கழுத்துப்பட்டை அழுத்திப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி ஆறிய இடத்தில் நிறம் செத்து முளைக்கிற மயிர் அது. சங்குமில்லை, சக்கரமுமில்லை. அந்தக் குதிரை பல ஆண்டுகள் வண்டி இழுத்திருக்கிறது.

"என்னண்ணே, நல்லா இருக்கா?" என்று கேட்டபடி ஜெரால்ட் அருகில் வந்தான்.

ஜெரால்ட் அந்த ஊர்ப் பிள்ளை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மனைவி ஜூலியட்டின் நர்ஸ் வேலையைப் பற்றிக்கொண்டு வேல்ஸுக்குப் போனவன், இப்போது அங்கே முதியோரைப் பராமரிக்கும் இல்லங்கள் இரண்டுக்கு உடைமைக்காரன். ஆண்டுதோறும் சந்தியாகப்பர் திருநாளுக்கு ஊருக்கு வந்துவிடுவான். அந்தத் திருநாளில், வாளேந்திய புனிதர் வெண்குதிரை மேல் சப்பரத்தில் வர, முன்னே உபயக்காரர் ஒருவர் உயிருள்ள குதிரையில் போவது வழக்கம். சென்ற ஆண்டு உபயம் ஜெரால்டுடையது. கடற்கரையிலிருந்து பிடித்து வந்த சவாரிக் குதிரை அவனுடைய பருமனுக்குப் பணிந்து வளைந்ததில், அவன் கால்கள் தரையைத் தொடாத குறையாகத் தொங்கின. "ஜெரால்டு, எறங்கி அதத் தூக்கிக்க. பாவம், களைச்சுப் போச்சு," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஊரே சிரித்தது. ஜெரால்டும் சேர்ந்து சிரித்தான். சிரித்தவர்களின் முகங்களை அவன் மறக்கவில்லை என்பது ஜோசப்ராஜுக்குத் தெரியும். ஏனெனில் அவரும் சிரித்திருந்தார்.

"அங்க எங்க ஊர்ல இந்தச் சாதிக் குதிரைதான் வீட்டுக்கு வீடு," என்றான் ஜெரால்ட். "ஆனா குட்டையா இருக்கும். இவ்ளோ உயரத்துல நான் பாத்ததில்ல. நீங்க குதிரையோடயே வாழ்ந்த ஆளு. சொல்லுங்க. இது ஏறுற குதிரைதானா?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. ஜோசப்ராஜின் ஒரே மகள் அருள்மேரி நர்ஸ் படிப்பு முடித்து மூன்று ஆண்டுகளாக மன்னார்குடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். தாயில்லாப் பெண். ஜெரால்டின் இல்லத்திலிருந்து வேலைக்கடிதம் ஒன்று கிடைத்தால் அவள் கடல் கடந்துவிடுவாள். கடிதம் அச்சாகியே வந்திருந்தது. ஜெரால்டின் தோல்பையில் அது கிடப்பதை அவர் கண்ணாலே கண்டிருந்தார். கையெழுத்து மட்டும் இல்லை. "திருநாள் முடியட்டும், போட்டுடலாம்," என்றிருந்தான் அவன்.

இதற்குச் சரியான பதில் ஜோசப்ராஜுக்குத் தெரியும். ஆறரைச் சாண் காப்பைப்போலச் சுமக்கிற விலங்கு உலகில் குறைவு. முதுகு குறுகி, மார்பு விரிந்து, காலெலும்பு திரண்டு, ஒரு குடும்பமே மாறி மாறி ஏறினாலும் முகம் சுளிக்காதது. உயரம் கூடினால் எல்லாம் ஒத்துக் கூடுவதில்லை. கால் நீளும், முதுகும் நீளும், வலிவு அந்த நீளத்தைத் துரத்திப் பிடிக்க மாட்டாது. உயர்ந்தவற்றிலும் அருமையாகச் சுமப்பவை உண்டு. ஆனால் அவை சிறுவயது முதலே சேணத்துக்குப் பழகியவை. இதுவோ நுகத்துக்குப் பழகியது. முழங்காலை முகம்வரை தூக்கிப் போடும் இதன் ஓட்டம் வண்டிக்கு அழகு. மேலே உட்கார்ந்தவனுக்கோ உரலில் இட்ட நெல்லின் கதி.

"ஏறுற குதிரைதாங்க தம்பி," என்றார் ஜோசப்ராஜ்.

"தோள்ல அது என்ன வெள்ளையா?"

"பொறவி மறுங்க."

ஜெரால்ட் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு தலையசைத்துவிட்டுப் போனான்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. ஆடி பிறந்தும் காவிரியில் தண்ணீர் வரவில்லை. குறுவை நடவேண்டிய வயல்கள் வாய் பிளந்து கிடந்தன. அந்த வெடிப்புக் களிமண்ணில் ஜோசப்ராஜ் இருபது நாள் குதிரையைப் பழக்கினார். ஒவ்வொரு நாளும் இறங்கும்போது இடுப்பு அவருடையதாக இல்லை. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாததை ஒன்பதாம் நாள் கண்டார்.

கப்பிச் சாலையில் ஒரு மாட்டுவண்டி பின்னால் வந்தது. சத்தம் கேட்டதும் குதிரை காதைத் தளர்த்தி, நன்கறிந்த பாட்டைக் கேட்பதுபோல் சாந்தமாயிற்று. அடுத்து வளைவில் தலை திரும்பியது. வண்டி அதன் கண்ணில் பட்டது. அவ்வளவில் உடம்பெல்லாம் விதிர்த்து அது வரப்பு தாண்டி ஓடியதை நிறுத்த அவருக்கு அரை மைல் பிடித்தது. காரணம் அவருக்கு உடனே விளங்கிற்று. வண்டிக் குதிரைக்கு இரு கன்னத்திலும் கண்பட்டை கட்டுவார்கள். அது முன்னே மட்டும் பார்க்கும். பின்னே உருளும் சக்கரத்தைக் காதால் அறியும், கண்டதே இல்லை.

அன்று மாலையே ஜெரால்டிடம் போனார். "தம்பி, திருநாளன்னிக்குக் கண்பட்டை கட்டிக்கலாங்க. வெடிச் சத்தம், வெளிச்சமெல்லாம் இருக்கும்ல."

ஜெரால்ட் தேநீரை ஊதிக் குடித்தான். "கண்பட்டை வண்டிக் குதிரைக்குத்தானேண்ணே கட்டுவாங்க?"

"ஆமாங்க."

"இது வண்டிக் குதிரையா?"

தோப்பில் தேங்காய் ஒன்று விழுந்தது. தோல்பை நாற்காலிக்கு அடியில் இருந்தது.

"இல்லைங்க தம்பி," என்றார் ஜோசப்ராஜ்.

"அப்ப எதுக்கு?" என்று மென்மையாகக் கேட்டுவிட்டு, ஜெரால்ட் கைப்பேசியை எடுத்துக்கொண்டான்.

திருநாளுக்கு முந்திய நாள் பிற்பகலில் ஒத்திகை. இரும்புப் பட்டை பூட்டிய நான்கு சக்கரங்களில் சப்பரம் கோயில் வாசலில் நின்றது. பேண்டு வாத்தியக்காரர்கள் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊர் கூடியிருந்தது. அருள்மேரியும் வேலைக்கு விடுப்புச் சொல்லி வந்திருந்தாள். ஜெரால்ட் சேணத்தில் கை வைத்தான்; ஏறவில்லை.

"மொதல்ல வேற யாராச்சும் ஏறிக் காட்டட்டும்."

"நான் ஏறுறங்க," என்று ஜோசப்ராஜ் முன்னே வந்தார்.

"ஒங்களுக்குப் பழகினது, நிக்கத்தான் செய்யும். புது ஆளு ஏறணும்." ஜெரால்ட் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் புன்னகைத்தான். "அருள்மேரி ஏறட்டுமேண்ணே. நம்ம இல்லத்துக்கு வரப்போற பொண்ணு. தைரியம் எப்டின்னு நானும் பாத்துக்கிறேன்."

"பொம்பளப் புள்ளய ஏத்துறதாவது," என்றாள் ஒருத்தி.

"ஏன், சீமைக்குப் போனா கப்பலே ஓட்டுவா," என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது.

"சங்குக் குதிரை," என்றான் நல்லக்கண்ணு. "பொண்ணு ஒக்காந்தா சிம்மாசனம்."

அருள்மேரி கூட்டத்தைப் பார்க்கவில்லை, ஜெரால்டைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தாள். "ஏறலாமாப்பா?"

அந்தக் கேள்வியில் அச்சம் இல்லை. பாலம் உறுதியா என்று கேட்டுவிட்டுக் கால் வைக்கிற குழந்தையின் நம்பிக்கை இருந்தது. ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால், இருபது நாள் சொன்னதெல்லாம் பொய்யென்று ஊர் நடுவே ஆகும். கடிதம் தோல்பைக்குள்ளேயே மக்கும். யாராவது வந்து தடுத்துவிடட்டும் என்று ஜோசப்ராஜ் காத்திருந்தார். பங்குச் சாமியார் ஒலிபெருக்கிக்காரனிடம் எதையோ பேசிக்கொண்டிருந்தார். தடுக்க ஒருவரும் இல்லை.

"ஏறும்மா. அப்பா கடிவாளத்தப் புடிச்சுக்கிறேன்."

"புடிக்காதீங்கண்ணே," என்றான் ஜெரால்ட். "நாளைக்கு என்னயும் புடிச்சுக்கிட்டா வரப்போறீங்க?"

அவர் கையை எடுத்தார்.

பேண்டு முழங்கியது. சப்பரம் உருண்டது. சக்கரத்தின் இரும்புப் பட்டை கப்பிச் சாலையில் அரைபடும் சத்தம் கேட்டதும் குதிரை கழுத்தை வளைத்து, மார்பை முன் தள்ளி, கனமான தேரைத் தானே இழுப்பதுபோல் பெருமிதமாக அடியெடுத்து வைத்தது. அருள்மேரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் நெற்றியில் விழுந்தது. ஐம்பது அடி தூரம், பழம்பாடல்களில் வரும் புரவியும் அரசியுமாகவே அவர்கள் போனார்கள். தாம் சொன்னது பொய்யன்று என்றே ஜோசப்ராஜுக்கு அந்த ஐம்பது அடியில் தோன்றிவிட்டது.

கோயில் முனையில் வீதி திரும்பியது. குதிரையும் திரும்பியது. வாழ்நாளெல்லாம் தன் பின்னால் வந்ததை அது முதன்முறையாகப் பார்த்தது. பொன்தாள் மினுங்க, வானளாவ, உச்சியில் வாள் ஓங்கிய ஒருவனோடு அது உருண்டு வந்தது.

பிறகு நடந்ததில் சத்தமே மிகுதி. பாய்ச்சலின் முதல் அடியில் கூட்டம் அதை வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. அருள்மேரி பிடரியைக் கட்டிக்கொண்டாள். முழங்கால் மேலெழும் ஒவ்வோர் அடியும் அவளைத் தூக்கி எறிந்து மறுபடி ஏந்திற்று. தண்ணீரில்லாத வாய்க்கால் கரையில் அவள் கழன்று விழுந்தாள். சேணத்து அங்கவடி வளையத்திலிருந்து ஒரு கால் மட்டும் கழலவில்லை. மதகின் கருங்கல்வரை குதிரை அவளை இழுத்துப் போயிற்று. இழுப்பது அதற்குத் தெரிந்த தொழில்.

வலத் தோளும் முழங்கையும் நொறுங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தகடு வைத்தார்கள். கை தோளுக்கு மேல் எழும்பாது என்றார் மருத்துவர்.

திருநாளுக்கு மறுநாள் ஜெரால்ட் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தான். அருள்மேரி கண்மூடிப் படுத்திருந்தாள். சற்று நின்றுவிட்டு ஜோசப்ராஜை வாசலுக்கு அழைத்தான்.

"நேத்து ஊர்வலம் நல்லா முடிஞ்சுதுண்ணே. ஒங்க யோசனைதான். கண்பட்டை கட்டிட்டேன். ஆட்டுக்குட்டி மாதிரி வந்துச்சு. ஒருத்தன் வாயத் தொறக்கல."

அவன் கையில் தோல்பை இருக்கிறதா என்று ஜோசப்ராஜ் பார்த்தார்.

"வயசானவங்கள ரெண்டு கையாலயும் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கிற வேலைண்ணே. ஒங்களுக்கே தெரியும்." கடிதத்தைப் பற்றி அவன் வேறொன்றும் சொல்லவில்லை. "அந்த வெள்ள மயிரு. எங்க ஊர்ல அஞ்சு வயசுப் புள்ள சொல்லிடும், பட்டை போட்ட தழும்புன்னு."

"தெரியுங்களா தம்பி?"

"தெரிஞ்சுதான் வாங்குனேன். பழக்கிக்கலாம்னு இருந்தேன். என்கிட்ட கடிதம் கேட்டு வர்ற எல்லாரும் எனக்குப் புடிச்சதத்தான் சொல்றாங்க. நீங்களாச்சும் உள்ளதச் சொல்வீங்களான்னு பாத்தேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ." அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. "பொய் சொல்வீங்கன்னு தெரியும். ஆனா பொண்ண ஏத்த மாட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

போகும்போது திரும்பி, "குதிரைய நீங்களே வச்சுப் பாத்துக்குங்கண்ணே," என்றான்.

ஜோசப்ராஜ் உள்ளே வந்தார். கதவு முழுக்கத் திறந்தே இருந்திருக்கிறது. அருள்மேரியின் கண்களும் திறந்திருந்தன.

"நான் கேட்டேனேப்பா," என்றாள்.

அதற்குப் பிறகு அதைப்பற்றி அவள் பேசவில்லை. வேறு எதைப்பற்றியும் அவரிடம் பேசவில்லை.

ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை மன்னார்குடி போகவேண்டியிருந்தது; பேருந்தின் நெரிசல் அந்தத் தோளுக்கு ஆகாது. ஜோசப்ராஜ் பழைய ஒற்றை வண்டி ஒன்றைச் செப்பனிட்டு, குதிரையின் கழுத்தில் பட்டையைப் போட்டார். தழும்பின் மேல் பட்டை அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. கண்பட்டை கட்டியதும் அது ஒரு பெருமூச்சு விட்டது.

அருள்மேரி வண்டியின் பின்பக்கம், அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். குதிரை முழங்கால் உயர்த்தி, தாளம் தப்பாமல் ஓடிற்று. பள்ளத்திலும் மேட்டிலும் வண்டி குலுங்கவில்லை. மடியில் கிடந்த அவளுடைய கை அசையவே இல்லை.